பெட்டியில் இல்லாத சிப்பாய்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் ஓய்வு நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் கைப்பேசியைப் பற்றிப் பேசினார்கள், காற்பந்தைப் பற்றிப் பேசினார்கள். நான் பொம்மையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மஸ்ஜித் இந்தியாவில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவன் நான். கடையை மூடிய பிறகு அதே விளக்கின் கீழ் உட்கார்ந்து விரல் உயரச் சிப்பாய்களைச் செய்கிறேன் என்றால் என் வாடிக்கையாளர்களும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசைமேல் மலை, ஆறு, வீடு எல்லாம் செய்து வைத்து, சின்னச் சின்னப் படை உருவங்களை அளவு நாடா பிடித்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு இது. சதுரங்கத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913இல் இதற்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிநூல் எழுதினார். மறு ஆண்டே முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1983இல் வார்ஹாமர் வந்தது, 1987இல் எதிர்காலப் போரைக் கற்பனை செய்யும் வார்ஹாமர் 40,000 வந்தது. இரண்டாம் உலகப் போரை ஆடுகிறவர்களுக்கு 2012இல் போல்ட் ஆக்‌ஷன் என்ற விதிநூல் வந்தது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதை ஆடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

உருவங்கள் பெட்டியில் வரும். பிளாஸ்டிக் சட்டத்தில் கை தனி, கால் தனி, தலை தனி, துப்பாக்கி தனி என்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ஒரு பெட்டி நூறு ரிங்கிட்டுக்கு மேல், சில இருநூறையும் தாண்டும். அதனால்தான் மிஞ்சிய கை, மிஞ்சிய தலை எதையும் யாரும் வீசுவதில்லை. என்னிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று முழுக்கத் தலைகள் இருக்கின்றன. என் மனைவி அந்த டின்னைத் தொடவே மாட்டார்.

இந்த டின்னிலிருந்துதான் என் விஷயம் தொடங்குகிறது. ஒரு பெட்டியின் உடம்பு, இன்னொரு பெட்டியின் தலை, மூன்றாவது பெட்டியின் ஆயுதம் என்று சேர்த்துப் புதிய உருவம் செய்வதைக் கிட்பேஷிங் என்பார்கள். நம் ஊரில் காவடி கட்டுகிறவர்களைப் பாருங்கள். மயிற்பீலி ஓரிடம், அலுமினியத் தகடு ஓரிடம், மெத்து நுரை ஓரிடம், சலங்கை ஓரிடம். எல்லாம் சேர்ந்து தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒரே காவடியாக ஆடி வருகிறது. அந்த வேலையின் தம்பி வேலை இது.

வெளிநாட்டிலும் இது புதிதல்ல. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கப்பல்களை உற்றுப் பாருங்கள். அவற்றின் உடம்பெங்கும் தெரியும் குழாயும் பெட்டியும் கடையில் விற்ற பீரங்கி வண்டி, விமான, கார் மாதிரிகளின் உதிரிகள். வார்ஹாமரின் தொடக்க நாட்களில் வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் பெட்டி கிடையாது. அக்குளில் பூசும் வாசனைக் குச்சியின் காலி டப்பாவைக் கவிழ்த்து, உதிரிகளை ஒட்டி, மிதக்கும் பீரங்கி வண்டி செய்வது எப்படி என்று அந்த நிறுவனமே சொல்லிக் கொடுத்தது. அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், மலிவுக் கடையில் பை பையாக விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் மிருகங்களை வாங்கி மேசையில் வைத்தார். பெயர் தெரியாத அந்த உருவங்களிலிருந்துதான் அந்த விளையாட்டின் பேர்போன சில பூதங்கள் பிறந்தன. நம் பாசார் மாலாமில் அதே மாதிரிப் பைகள் தொங்கும்போது எனக்குக் கால் தானாக நின்றுவிடும்.

சரி, வேலைக்கு வருகிறேன். எல்லாப் பெட்டியும் எல்லாப் பெட்டியோடும் சேருமா? சேராது. அளவு விகிதம் என்று ஒன்று இருக்கிறது. டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் படை மாதிரிகள் பெரும்பாலும் 1/35. ஐந்தடி ஒன்பது அங்குல மனிதன் அதில் 50 மில்லிமீட்டர் உயரம். 1/48இல் அவன் 36 மில்லிமீட்டர். ஏர்ஃபிக்ஸ் புகழ் 1/72இல் 24. நாங்கள் ஆடும் மேசை உருவங்கள் 28 மில்லிமீட்டர் என்று பெயர் பெற்றவை. பலரும் கால் முதல் கண் வரை அளந்து சொல்லும் கணக்கு அது. ஏறக்குறைய 1/56 என்று வைத்துக்கொள்ளலாம். வார்ஹாமர் உருவங்களில் தலையும் கையும் ஆயுதமும் வேண்டுமென்றே பெருக்கப்பட்டிருக்கும், மூன்றடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும் என்பதற்காக.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான். மனிதன் தொடுகிற பொருள் அளவு தப்பக் கூடாது. கதவு, இருக்கை, ஏணிப்படி, துப்பாக்கி, தொப்பி இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அளவு. தப்பினால் உடனே தெரியும். மனிதன் தொடாத பொருள் எந்தப் பெட்டியிலிருந்தும் வரலாம். குழாய், எண்ணெய்த் தொட்டி, இயந்திர மூடி, ஆணித்தலை வரிசை. 1/72 விமானத்தின் இயந்திரம் 1/56 வண்டியில் நீர் ஏற்றும் பம்பாக உட்கார்ந்துகொள்ளும், யாரும் கேட்க மாட்டார்கள். கொலுவில் செட்டியார் பொம்மை பக்கத்துக் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் நம் தாய்மார்கள் கவலைப்படுவதில்லை. ஆனால் செட்டியார் கடையில் இருக்கும் தராசு அவர் கைக்குப் பொருந்தத்தான் வேண்டும்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். நம் மண்ணில் நடந்த போரை மேசையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை சண்டை. ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானியப் பீரங்கி வண்டிகள் இந்தியப் படையணிகளைப் பிளந்துகொண்டு போயின. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர்.

பெட்டிக் கடையில் இந்தப் போர் பாதிதான் இருக்கிறது. ஜெர்மானியர் இருக்கிறார்கள், அமெரிக்கர் இருக்கிறார்கள், ஆங்கிலேயர் பாலைவன உடையில் இருக்கிறார்கள். சீக்கியரும் கூர்க்காக்களும் சில சிறு நிறுவனங்களில் உலோக உருவமாகக் கிடைக்கிறார்கள். மற்றதெல்லாம் நாமே சேர்க்க வேண்டியது. மலாயாவில் ஜப்பானியர் சைக்கிளில் வந்தார்கள் என்று நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டயர் வெடித்த பின்னும் வெறும் இரும்புச் சக்கரத்தில் ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தைப் பீரங்கி வண்டி என்று எண்ணி எதிரி மிரண்டான் என்றும் சொல்வார்கள். டாமியாவில் சைக்கிளோடு வரும் ஜெர்மானியச் சிப்பாய்ப் பெட்டி ஒன்று உண்டு, 1/35. ஜெர்மானியனை இறக்கிவிட்டு ஜப்பானியனை ஏற்ற வேண்டும். இடுப்பில் அறுத்து, தொடையை வளைத்து, இடைவெளியைப் புட்டியால் அடைத்தால் உட்கார்ந்துவிடுவான். சைக்கிள் யார் நாட்டுச் சைக்கிளாக இருந்தால் என்ன? அவர்களே வழியில் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டுதானே ஓட்டினார்கள்.

ஆனால் என்னை மாதக்கணக்கில் உட்கார வைத்தது வேறொரு காட்சி. 1943 ஜூலை, சிங்கப்பூர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் சுமார் இருபது பெண்கள் அணிவகுப்பு மரியாதை செலுத்துகிறார்கள். அவர்களைத் திரட்டியவர் மதராசில் பிறந்த மருத்துவர், டாக்டர் லட்சுமி. வெள்ளைச் சேலை, கையில் துப்பாக்கி. அதற்கடுத்து அக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பிறகு அவர்களுக்குக் காக்கிச் சட்டையும் குதிரைச் சவாரிக் காற்சட்டையும் தொப்பியும் வந்தன. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நம் மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் பலர். நம் கோலாலம்பூரின் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அங்கே இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்தார். 2014இல் மறைந்தார். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டுப் பார்த்த வீட்டில் பெரியவர்களுக்கே தெரியவில்லை.

சேலை கட்டி .303 துப்பாக்கி பிடித்த பெண்ணை எந்தப் பெட்டியில் தேடுவீர்கள்? சேர்த்துத்தான் செய்ய வேண்டும். எப்படிச் செய்தேன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நம் தோட்டத்துப் பெண் ஐந்தடி என்று வையுங்கள், 152 சென்டிமீட்டர். 1/56இல் 27 மில்லிமீட்டர். அவர்கள் கையில் இருந்த பிரிட்டிஷ் துப்பாக்கியின் நீளம் 113 சென்டிமீட்டர், எடை நாலு கிலோ அளவு. 1/56இல் 20 மில்லிமீட்டர். அதாவது துப்பாக்கி அவள் உயரத்தில் முக்கால் பங்கு. 1/72 பெட்டியிலிருந்து எடுத்தால் துப்பாக்கி 16 மில்லிமீட்டருக்குக் குறையும். பிடிக்க அழகாக இருக்கும், பொய்யாக இருக்கும். 1/48 பெட்டியில் 23க்கு மேல், அது கேலிச்சித்திரம். 28 மில்லிமீட்டர் பிரிட்டிஷ் எட்டாவது ராணுவப் பெட்டியில்தான் சரியான துப்பாக்கி கிடைக்கும். அதை அவள் தோள் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், முகாமில் முதல் நாள் அதைத் தூக்கிய பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணின் கை எப்படி வலித்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. புத்தகத்தில் நாலு கிலோ என்று படித்தபோது உறைக்கவில்லை.

உடம்புக்குக் கட்டிடக் கலைஞர்களிடம் போனேன். அவர்கள் மாதிரி வீடு செய்யும்போது வாசலில் நிறுத்தி வைக்கும் 1/50 மனித உருவங்கள் பை பையாக விலைக்கு வரும், மலிவு. பாவாடை கட்டிய பெண் உருவம் அதில் உண்டு. வெள்ளைக்காரி உயரம், 33 மில்லிமீட்டர். பரவாயில்லை, சேலைக்குள் கால் தெரியப் போவதில்லை. கீழே ஐந்தாறு மில்லிமீட்டரை அறுத்துவிட்டால் உயரம் சரியாகிவிடும், தலை சற்றுப் பெரிதாகத் தோன்றி மேசை உருவங்களோடு ஒத்துப்போகும். கைகள் எட்டாவது ராணுவப் பெட்டியிலிருந்து. ஆண் கை அல்லவா, மணிக்கட்டையும் முன்கையையும் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்க வேண்டும். சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்திருப்பதால் அதையே ரவிக்கைக் கையாக மாற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தில் தையற்காரனுக்கு ஒரு வசதி உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பசையைக் கவனியுங்கள், பிள்ளைகளே. பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் பிளாஸ்டிக்கையே உருக்கி இணைக்கிறது, காய்ந்தால் ஒரே துண்டு. உலோகத்தையும் ரெசினையும் அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ. கனமான துண்டாக இருந்தால் இரண்டு பக்கமும் நுண்துளை போட்டு, காகிதக் கிளிப்பின் கம்பியை உள்ளே விட்டு ஒட்டுங்கள். பழைய ஏர்ஃபிக்ஸ் மெத்துச் சிப்பாய்கள் பாலிதீன். எந்தப் பசையும் பிடிக்காது, வண்ணமும் உரிந்துவிடும். ரெசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நம் ஊர் வெயிலில் எபாக்ஸி புட்டியும் அவசரக்காரன், கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் இறுகிவிடும். கலந்த புட்டியை உறைபெட்டியில் வைத்தால் நிதானப்படும். அடிப்பூச்சுத் தெளிப்பானை மழை பெய்து விட்ட மாலையில் தொடவே வேண்டாம். காற்று ஈரத்தில் பூச்சு வெள்ளைப் பனி படிந்தது போல் பொரிந்துபோகும். இங்கிலாந்தில் எழுதிய வழிகாட்டி இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும், நமக்குத்தான் மாலைக்கு மாலை மழை.

அடுத்தது சேலை. ஐந்தரை மீட்டர் சேலையை 56ஆல் வகுத்தால் பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம். முகத்தாளில் ஒற்றைப் படலத்தை உரித்து, அந்த அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பசையைப் பாதிக்குப் பாதி நீரில் கரைத்து நனைத்துச் சுற்றினால் என்ன ஆகும்? கோணிப் பை சுற்றிய மாதிரி ஆகும். ஏனென்றால் நீளத்தையும் அகலத்தையும் சுருக்கலாம், தாளின் கனத்தைச் சுருக்க முடியாது. அந்த மெல்லிய தாளே 1/56 உலகத்தில் கம்பளிக் கனம். எனவே உள்சுற்று முழுவதையும் விட்டுவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே புட்டியால் கூம்பு பிடித்து, முன்கொசுவத்தை ஊசியால் கீறிக்கொண்டு, மேலே தெரியும் ஒரே சுற்றையும் முந்தானையையும் மட்டும் தாளில் செய்ய வேண்டும். நாலு சென்டிமீட்டர் போதும். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார்களா, தொங்கவிட்டிருந்தார்களா? துப்பாக்கியைத் தூக்கி நிறுத்தும் கைக்கு இடைஞ்சலாகத் துணி தொங்கினால் எந்தப் பெண்ணும் செருகத்தான் செய்வாள். நான் செருகியே வைத்திருக்கிறேன்.

முகாமுக்கு வந்த பிறகுள்ள காக்கிச் சீருடைக்கு இவ்வளவு பாடு இல்லை. சோவியத் பெண் வீராங்கனைகள் 28 மில்லிமீட்டர் உலோகத்தில் கிடைக்கிறார்கள். சவாரிக் காற்சட்டைக்குக் குதிரைப்படைப் பெட்டியின் கால்கள், சற்று நிமிர்த்தி. தொப்பி புட்டியில்.

இந்த இடத்தில் அவையில் ஒருவர் மனத்தில் ஓடும் கேள்வி எனக்குத் தெரிகிறது. மக்கள் செத்த போரை விளையாட்டாக்கலாமா? நியாயமான கேள்வி. என் பதில் ஒரே மாதிரியான பதில் அல்ல. கம்பார் சண்டையை ஆடலாம் என்பேன். இருபுறமும் ஆயுதம் ஏந்தியவர்கள், எங்கே நின்றார்கள், ஏன் பின்வாங்கினார்கள் என்று மேசையில் நகர்த்தும்போது புரிகிறது. சயாம் மரண ரயிலை ஆட மாட்டேன். பல்லாயிரம் நம் தோட்டத் தொழிலாளர் நோயிலும் பசியிலும் மடிந்த இடத்தில் பகடைக்கு வேலையில்லை. ஒரு இளைஞர் அந்தத் தண்டவாளத்தை மேசையில் போட்டு விதிகள் எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம், செய்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சியாகச் செய்யுங்கள் என்றேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என்னோடு ஆடும் சீன நண்பர் ஒருவர் என் ஜான்சி ராணிப் பெண்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர்கள் யார் பக்கம் என்று கேட்டார். ஜப்பானியரின் கூட்டாளிப் படை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 1942இல் ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த நினைவு அவர் குடும்பத்தில் இருக்கிறது. நமக்கு விடுதலைப் படை, அவருக்கு அப்படி இல்லை. நம்மிலும் ஒரே தோட்டத்தில் ஒரு வீட்டுப் பெண் நேதாஜி படைக்குப் போனாள், பக்கத்து வீட்டு ஆண் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டான். இரண்டையும் செய்த கை ஒரே ஜப்பானியக் கைதான். இதை நான் அந்த நண்பரிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேசினோம். அதற்கு முன் நாங்கள் பேசியதெல்லாம் பகடையைப் பற்றித்தான்.

இளைஞர்களுக்கு நடைமுறையாக இரண்டு சொல்லி முடிக்கிறேன். எதிரில் ஆடுகிறவருக்குக் கை தூரத்தில் பார்த்தவுடன் உருவம் எதை ஏந்தியிருக்கிறது என்று தெரிய வேண்டும். துப்பாக்கிக்காரனை வைத்துவிட்டு, இவன் கையில் இயந்திரத் துப்பாக்கி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றால் அது அழுகுணி ஆட்டம். கலப்பு உருவங்களைக் கொண்டுபோகுமுன் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். சில நிறுவனக் கடைகளிலும் போட்டிகளிலும் வேறு நிறுவனத்தின் பாகங்களுக்கு இடமில்லை. வார்ஹாமரின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப், தன் உருவங்களுக்குக் கூடுதல் பாகங்கள் விற்ற சாப்டர்ஹவுஸ் என்ற சிறு நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்கே போட்டது. 2013இல் வந்த தீர்ப்பில் சில பாகங்களில் பெரியவர் வென்றார், சிலவற்றில் சிறியவர் வென்றார். அதன் பிறகு, தான் உருவமாக விற்காத எதற்கும் அந்த நிறுவனம் விதி எழுதுவதைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டது. காலி டப்பாவில் வண்டி செய்யச் சொன்ன நிறுவனம் இது என்பதுதான் வேடிக்கை. நம் வீட்டு மேசையில் இந்தச் சட்டமெல்லாம் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை நூறு ரிங்கிட் பெட்டி கேட்டால் உடனே மறுக்க வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். மிஞ்சிய பாகங்களைப் பொதுவில் ஒரு டின்னில் போடச் சொல்லுங்கள். கத்தியைக் கையாள மட்டும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

தலைவர் மணியடித்துவிட்டார். பெட்டியைத் திறந்து மேசைமேல் வைக்கிறேன், தாய்மார்கள் அருகில் வந்து பாருங்கள். வெறும் வெள்ளை பூசினால் சுண்ணாம்பு போலிருக்கும் என்பதால் அடியில் இளஞ்சாம்பல் கொடுத்து, மடிப்பின் மேட்டில் மட்டும் வெள்ளை வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் ஆறு பேரைத் தொட்டுப் பார்க்கலாம். பின்வரிசைப் பெண்களின் சேலை இன்னும் காயவில்லை.